சிவப்புப் புள்ளியை நம்பாதே

மார்ச் 3
டிப்பர் சேஸிஸ் ஒன்று விரிசலோடு வந்திருக்கிறது. சிலிண்டர் பிராக்கெட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. வெல்டு முடிந்து 10 மி.மீ. பிளேட் தொடங்குகிற கோட்டில்தான் பெயின்ட் வழியே துரு கசிந்திருக்கிறது. நகத்தால் தடவினால் மாட்டுகிறது. "மேலே இன்னொரு ரன் போட்டுடலாம் சார்" என்றார் வெல்டர் அண்ணன். பொறுங்கள் என்றேன்.

மார்ச் 5
கம்ப்யூட்டரில் மாடல் போட்டாயிற்று. மாடலைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் மெஷ்ஷைப் பொடியாக்கப் பொடியாக்க வெல்டு விளிம்பில் ஸ்ட்ரெஸ் (சுமையால் உலோகத்துக்குள் எழும் தகைவு) ஏறிக்கொண்டே போகிறது. கணக்குப்படி கூர்மூலையில் அதற்கு உச்சவரம்பே கிடையாது. திரையில் அந்த இடம் சிவப்பாகத் தெரியும். அந்தச் சிவப்புப் புள்ளியை அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டி மேனேஜரை மிரட்டுகிறவர்களும் உண்டு.

மார்ச் 6
அதனால் ஹாட் ஸ்பாட் முறை. விளிம்பைத் தொடாமல், அதிலிருந்து பிளேட் தடிமனில் 0.4 பங்கு, 1 பங்கு தள்ளி, அதாவது 4 மி.மீ., 10 மி.மீ. தூரத்தில் மேற்பரப்பு ஸ்ட்ரெஸ்ஸை எடுத்து, நேர்கோடாக விளிம்புவரை நீட்ட வேண்டும். ஏற்றிய வண்டிக்கும் காலி வண்டிக்கும் உள்ள வித்தியாசம் 130, 112 மெகாபாஸ்கல். 1.67 × 130 − 0.67 × 112 = 142. சுமை தாங்கும் ஃபில்லட் வெல்டுக்கு (இரண்டு பிளேட் சேரும் மூலையில் போடும் வெல்டு) ஐஐடபிள்யூ என்ற சர்வதேச வெல்டிங் அமைப்பு தரும் வகுப்பு 90, அதாவது ஏற்றி இறக்கும் 20 லட்சம் சுற்றுக்கு 90 மெகாபாஸ்கல். சாய்வு 3 (ஸ்ட்ரெஸ் ஏறினால் ஆயுள் அதன் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும்) என்பதால் 142-க்கு ஆயுள் சுமார் 5 லட்சம் சுற்றுதான்.

மார்ச் 9
"ஹை டென்சில் பிளேட் போடலாமே?" என்றார் மேனேஜர். எல்லாரும் கேட்பதுதான். பற்றவைத்தபடியே விட்ட விளிம்பில் நுண்ணிய குறைகள் முதல் நாளே இருக்கும். அங்கிருந்து விரிசல் வளரும் வேகம் எஃகின் தரத்தைப் பார்த்துப் பெரிதாக மாறாது. காசுதான் கூடும். வட கடலில் 1980 மார்ச் 27 அன்று அலெக்சாண்டர் கீலாண்ட் என்ற எண்ணெய் வயல் மேடை கவிழ்ந்து 123 பேர் இறந்ததற்குத் தொடக்கம், ஒரு ஹைட்ரோஃபோன் (நீருக்கடி மைக்) தாங்கியை ஒட்டிய 6 மி.மீ. ஃபில்லட் வெல்டு. துணுக்கு வேலைதானே என்று யாரும் கண்டுகொள்ளாத இடம்.

மார்ச் 11
பிராக்கெட்டை ஃபிளாஞ்சிலிருந்து (சட்டத்தின் விளிம்புத் தகடு) எடுத்து வெப்பில் (நிமிர்ந்த நடுத்தகடு), நடுக்கோட்டுக்குப் பக்கமாக மாற்றிப் பார்த்தேன். 142 என்பது 88 ஆனது; ஆயுள் 21 லட்சத்தைத் தாண்டுகிறது. எடை கூடவில்லை. விளிம்பை கிரைண்டிங் செய்தால் இன்னும் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் அதை ஒழுங்காகச் செய்தார்களா என்று தினமும் போய்ப் பார்ப்பது யார்?

மார்ச் 12
ரூட்டிலிருந்து, அதாவது வெல்டின் உள் அடியிலிருந்து, கிளம்பும் விரிசலை ஹாட் ஸ்பாட் முறை காட்டாது. வெல்டு சன்னமாக இருந்தால் அங்கேதான் உடையும். மாடலில் அந்தக் கூர்மூலைக்கு 1 மி.மீ. ஆரத்தில் வளைவு கொடுத்து, வகுப்பு 225-ஐ வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். மெஷ் ஓடிக்கொண்டிருக்கிறது. அதுவரை டிராயிங்கில் கையெழுத்து கிடையாது.