புழுக்கமும் சினைப்பிடிப்பும்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், கடற்கரையை ஒட்டிய ஒரு கால்நடை மருந்தகத்தில் பதினோரு ஆண்டுகள் மருத்துவராகப் பணியாற்றினேன். சித்திரை பிறந்தால் மாடு வளர்ப்போரிடமிருந்து ஒரே கேள்வி வரும்: "ஊசி போட்டும் சினை நிக்கலையே, டாக்டர் சார்?" நானும் ஒரே பதிலைச் சொல்வேன்: "வெயில் தணியட்டும்மா, நின்றுவிடும்." அந்தப் பதில் பாதிதான் சரி என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

புரிய வைத்தது ஒரு ஜெர்சி கலப்பினப் பசு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் மூன்று பக்கம் ஆள் உயரச் சுவரும் கொண்ட கொட்டகையில் கட்டியிருந்தார்கள். நான்கு முறை கருவூட்டல் ஊசி போட்டும் பயனில்லை. மாட்டின் மீது நண்பகலில் இரண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்றச் சொன்னேன். அந்த வீட்டு அம்மா நான் சொன்னதை ஒரு நாளும் தவறவிடவில்லை. பத்து நாள் கழித்து ஒரு மாலையில் போய்ப் பார்த்தபோது, பசு வாயைத் திறந்து, எச்சில் ஒழுக, விலா துடிக்க மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வெப்பமானி 104 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. மாட்டின் இயல்பான வெப்பம் 101.5. தரை முழுவதும் ஈரம்; காற்று அசையவே இல்லை. உள்ளே நுழைந்த எனக்கே மூச்சு முட்டியது. நான் சொன்ன தண்ணீர், குளிர்ச்சி தருவதற்குப் பதிலாக அந்தக் கொட்டகையின் புழுக்கத்தைக் கூட்டியிருந்தது.

காற்றின் வெப்பம் மாட்டின் உடல் வெப்பத்தை நெருங்க நெருங்க, வியர்வையும் மூச்சின் ஈரமும் ஆவியாவதுதான் உடல் வெப்பத்தை வெளியேற்ற அதற்கு மிஞ்சுகிற வழி. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த வழியும் அடைபடும். கறவை மாட்டியலில் வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்லும் வெப்ப ஈரப்பதக் குறியீடு என்றொரு கணக்கு உண்டு. அது 72ஐத் தாண்டும்போதே அயல் இன ரத்தம் உள்ள மாடுகள் திணறத் தொடங்குகின்றன. 38 டிகிரி செல்சியஸும் 30 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள வறண்ட நண்பகலுக்கு அந்தக் குறியீடு ஏறக்குறைய 84. 32 டிகிரிதான் என்றாலும் 80 விழுக்காடு ஈரம் உள்ள கடலோர மாலைக்கு அது 86. வெயில் குறைந்துவிட்டது என்று நாம் நிம்மதி அடைகிற நேரத்தில் மாடு கூடுதலாகத் துன்பப்படுகிறது. எங்கள் கரையில் மார்கழி, தை மாத விடியற்பொழுதுகளில்தான் குறியீடு 72க்குக் கீழே இறங்கும் என்று கணக்கிட்டுப் பார்த்தபோது, இந்த மாடுகளிடம் நாம் எவ்வளவு கேட்டுக்கொண்டிருக்கிறோம் என்று மனம் கனத்தது.

கருப்பையின் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே சினைப்பிடிப்பு குறையும். பெரும்பாலும் கருமுட்டை கருவுறாமல் போவதில்லை. கருவுற்ற முதல் இரண்டு மூன்று நாட்களில் அந்தச் சிறு கரு வெப்பம் தாங்காமல் அழிந்துவிடுகிறது. ஏழாம் நாளுக்குள் அதற்கு ஓரளவு தாங்கும் வலு வந்துவிடும். அதற்கு முன் அழிந்தால் மாடு ஏறக்குறைய 21ஆம் நாள் மறுபடியும் பருவத்துக்கு, அதாவது சினைக்குத் தயாராகும் நிலைக்கு, வந்து நிற்கும். வீட்டுக்காரர் ஊசியைக் குறை சொல்வார். ஊசி போட்டவர் மாட்டைக் குறை சொல்வார். கொட்டகைக் கூரையை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

பருவ அறிகுறிகளும் மங்கிவிடுகின்றன. கத்துவதும் மற்ற மாட்டின் மீது தாவுவதும் குறைந்து, பருவம் சில மணி நேரத்தில், அதுவும் பெரும்பாலும் இரவில் முடிந்துவிடும். காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி என்பது நாங்கள் படித்த விதி. பருவமே கண்ணில் படாதபோது அந்த விதியால் என்ன பயன்? இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் ஒருமுறை எழுந்து, வழும்பு (பருவத்தில் மாட்டின் பிறப்புறுப்பிலிருந்து ஒழுகும் சளி போன்ற திரவம்) தெரிகிறதா என்று பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். பகலெல்லாம் வயலில் உழைத்தவர்களிடம் இதைக் கேட்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஐப்பசி மாதம். மழை இறங்கிக் காற்று சற்றே குளிர்ந்திருக்கும். மாடுகள் நன்றாகத் தீவனம் எடுக்கும். ஆனாலும் பழைய கருவூட்டல் பதிவேடுகளைப் புரட்டியபோது, ஐப்பசியில் போட்ட ஊசிகள் கோடையைப் போலவே வீணாகியிருந்தன. மார்கழியில்தான் நிலைமை தேறியது. காரணம் கருமுட்டையில் இருக்கிறது. ஒரு கருமுட்டை சினைப்பையில் வளர்ந்து வெளிவர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும்; ஆவணிப் புழுக்கத்தில் பழுதுபட்ட முட்டைதான் ஐப்பசியில் வெளிவருகிறது. காளைக்கும் இதே நிலைதான். விந்தணு உருவாக ஏறக்குறைய 61 நாட்கள் ஆவதாலும், விதைப்பை உடலைவிடச் சில டிகிரி குளிர்ந்திருந்தால்தான் அது செம்மையாக உருவாகும் என்பதாலும், வெப்பத்தில் வாடிய பொலிகாளை முழுமையாகத் தேற இரண்டு மாதங்களாவது பிடிக்கும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வரும் உறைவிந்துக் குச்சிக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஊர்ப் பொலிகாளையை நம்பியிருந்தவர்களுக்கு இருந்தது.

அந்த அம்மாவின் கொட்டகையில் கிழக்குச் சுவரை இடுப்பளவுக்கு இறக்கி, கூரை மேல் தென்னங்கீற்று வேய்ந்து, ஒரு மின்விசிறி மாட்டச் சொன்னேன். தண்ணீரை விசிறி ஓடும்போது மட்டும், தோல் நனையும் அளவுக்குத் தெளித்து, காய விட்டு, பிறகு மறுபடியும் தெளிக்க வேண்டும். பசுந்தீவனத்தை விடியலுக்கு முன்பும் இரவிலும் வைக்க வேண்டும். அந்தப் பசு தை மாதத்தில் போட்ட ஊசிக்குச் சினை பிடித்தது. குளிர்மாதம் அது என்பதால், மாற்றங்களால்தான் நின்றது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. அடுத்த கோடையில் அது மூச்சு வாங்கி நிற்கவில்லை என்பதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன்.

அவர் வீட்டுக்கு எதிரில் எங்கள் வட்டாரத்து நாட்டு இனமான உம்பளச்சேரி மாடுகள் இரண்டு வேலியோரம் திறந்த வெளியில் கட்டிக் கிடக்கும். அதே புழுக்கத்தில் அவை அமைதியாக அசைபோடும். திமில் உள்ள இனங்களுக்கு வியர்வைச் சுரப்பி மிகுதி. உடலுக்குள் உண்டாகும் வெப்பமும் குறைவு. கருவும் வெப்பத்தை ஓரளவு தாங்கும். பால் குறைவு என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுக்கொரு கன்று ஈனும் மாட்டையும், மூன்று ஆண்டுகளில் ஒரே கன்று ஈனும் மாட்டையும் பாலை மட்டும் வைத்து ஒப்பிட்டது நாங்கள் செய்த பெரும் தவறு என்றே நினைக்கிறேன்.

மருந்தகத்தின் கருவூட்டல் பதிவேட்டில் உரிமையாளர் பெயர், மாட்டின் இனம், குச்சியின் எண், ஊசி போட்ட தேதி, சினைப் பரிசோதனை முடிவு என எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. அன்றைய வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் இல்லை. கடைசி நான்கு ஆண்டுகள், சொந்தச் செலவில் ஈரப்பதமானி ஒன்று வாங்கி மருந்தக வராந்தாவில் மாட்டி, அந்த இரண்டு எண்களையும் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பென்சிலால் எழுதி வந்தேன். பணி மாறுதலில் வந்தபோது அந்தப் பதிவேடுகளை அங்கேயே ஒப்படைத்துவிட்டேன்; எனக்குப் பின் வந்த இளம் மருத்துவர் ஓரத்து எண்கள் என்னவென்று கேட்டு, அன்றே தன் பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து மேசை மேல் வைத்தார்.