உணவுத் திருவிழாவில் கிடைத்த இன்னொரு திருநெல்வேலி

டெல்லிக்குப் படிக்க வருகிற தம்பி தங்கைகள் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, ஜேஎன்யூவில், அதாவது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில், வெளிநாட்டு மாணவர் சங்கம் நடத்துகிற உணவுத் திருவிழாவை விட்டுவிடாதீர்கள் என்பதுதான். முதல் வருடம் நான் போகவில்லை. கட்டுரை முடிக்க வேண்டியிருந்தது, அதோடு சர்வதேச அரசியல் படிக்கிறவளுக்குச் சாப்பாட்டுக் கடையில் என்ன வேலை என்ற நினைப்பும் இருந்தது. இன்னமும் அதில் எனக்கு வருத்தம் உண்டு.

நான் படித்த சர்வதேசக் கல்விப் பள்ளி, 1955இல் டெல்லி சப்ரு ஹவுஸ் கட்டடத்தில் தனி நிறுவனமாகத் தொடங்கி 1970இல் ஜேஎன்யூவோடு சேர்ந்தது. கருத்தரங்குகளுக்குப் பஞ்சமே இல்லை. இலங்கை பற்றி எது நடந்தாலும் போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவேன். 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தம், அங்கே தமிழையும் ஆட்சிமொழியாக்கிய அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், கச்சத்தீவு, மீனவர் பிரச்சினை என்று நோட்டு நோட்டாக எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் அதுவரை இலங்கைத் தமிழர் ஒருவரோடுகூட உட்கார்ந்து பேசியதில்லை.

இரண்டாம் வருடம் போனேன். ஆப்கானியர் கடையில் கூட்டம் தாங்கவில்லை, வேறொரு கடைக்குப் போகலாம் என்று திரும்பினால், இலங்கைக் கடையில் ஒரு பெண் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். சம்பலுக்காம். வெளிநாட்டு மாணவர்களுக்கு இந்திய அரசு தருகிற ஐசிசிஆர் உதவித்தொகையில் படிக்க வந்தவள். தமிழில் கேட்டதும் நிமிர்ந்து பார்த்து, "நீங்கள் இந்தியாவில எவடம் அக்கா?" என்றாள். திருநெல்வேலி என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கட கம்பஸும் திருநெல்வேலியிலதான் அக்கா!" யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற இடத்தின் பெயர் திருநெல்வேலி என்பது, இலங்கை பற்றி அத்தனை படித்த எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூட்டம் குறைந்த பிறகு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். இடியப்பமும் சொதியும் கொடுத்தாள். பேச்சு எப்படியோ 13ஆவது திருத்தத்துக்குப் போனது. அவள் சட்டம் எதுவும் சொல்லவில்லை. கொழும்பிலிருந்து வீட்டுக்கு வருகிற கடிதம் சில நேரம் சிங்களத்தில் மட்டும் இருக்கும், அம்மா அதை எடுத்துக்கொண்டு அந்த மொழி தெரிந்த வாத்தியார் வீட்டுக்கு நடப்பார், அவர் இல்லாவிட்டால் மறுநாள் திரும்பப் போவார் என்றாள், அவ்வளவுதான். நான் ஆட்சிமொழி என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்த வரிக்குள் அந்த அம்மாவின் நடை இருப்பதை எந்தக் கருத்தரங்கிலும் நான் யோசித்ததில்லை.

அப்புறம் டெல்லியில் வேறொரு கல்லூரியில் பன்னாட்டுக் கலாச்சார நாள் என்று அவளைக் கூப்பிட்டார்கள், நானும் துணைக்குப் போனேன். நாட்டுக்கு 5 நிமிடம். உடை, கொடி, ஒரு நடனம், கைதட்டல். அதே நாள் காலையில் அதே கட்டடத்தில் தெற்காசியா பற்றிக் கருத்தரங்கு நடந்திருக்கிறது, அதற்கு அவளைக் கூப்பிடவில்லை. ஆடுவதற்கு மட்டும் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. பேச விஷயம் இருக்கிற ஒருத்தியை அங்கே காட்சிப் பொருளாக நிறுத்தியிருந்தார்கள். இந்த மாதிரி விழா நடத்துகிற மாணவர்களிடம் கேட்டுக்கொள்வது இதைத்தான்: காலைக் கூட்டத்தில் இவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள், மாலையில் அந்தப் பேராசிரியர்களைக் கடைப் பக்கம் கையைப் பிடித்து இழுத்து வாருங்கள்.

நம் பிள்ளைகளுக்கும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே. புரத்துக்குப் போய் மலை மந்திர் முருகன் கோயிலில் கும்பிட்டு, ஊர்க்காரர்களைப் பார்த்து வருவது நல்லதுதான், நானும் போவேன். ஆனால் இலங்கையிலும் சிங்கப்பூரிலும் தமிழ் ஆட்சிமொழி. அங்கிருந்து வந்த தமிழ்ப் பிள்ளை உங்கள் விடுதியிலேயே இருக்கலாம், ஒருநாள் அறைக்கதவைத் தட்டிப் பாருங்கள்.

அடுத்த வருடம் அவள் கடையில் தேங்காய் திருவியது நான். ஊருக்குத் திரும்பிய பிறகு திருநெல்வேலிச் சந்தையில் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பினாள், பின்னால் கத்தரிக்காய்க் குவியல், கீழே ஒரு வரி: "அக்கா, உங்கட ஊரில இருந்து கதைக்கிறன்."