பனியன் கம்பெனிக் குறிப்புகள்

செப்டம்பர் 17, 2025, புதன்

உள்ளே நுழைந்ததும் ஊதுபத்தி வாசம். இன்று விஸ்வகர்மா பூஜை. பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா பக்கம் மிஷினுக்குப் பொட்டு வைக்கிற நாள். (பெரியார் பிறந்தநாளும் இதேதான். தெருமுனையில் அவர் படத்துக்கு மாலை, உள்ளே ஓவர்லாக் தையல் மிஷினுக்கு மாலை. திருப்பூரில் ரெண்டும் நடக்கும்.) வடக்கத்திப் பையன்கள் தாங்கள் ஓட்டுகிற மிஷின்களுக்கு மட்டும் குங்குமம் வைத்திருந்தார்கள். சிங்கர் டைலர் அக்கா விடவில்லை: "ஏந்தம்பி, என்ற மிஷின் என்ன பாவம் பண்ணுச்சு?"

செப்டம்பர் 20, சனி

சம்பள நாள். கவர் எல்லாருக்கும் இளைத்துவிட்டது. ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவில் நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி. ஆர்டர் நின்றதும் ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டாகிவிட்டது. வடக்கத்திப் பையன்களை ஊருக்கு அனுப்பிவிட்டால் உள்ளூர்க்காரர்களுக்கு ஒன்றரை ஷிப்டு தேறும் என்று ஆபீஸில் பேச்சு. அந்த ஆபீஸ் சுவரில்தான் 'நாம் ஒரே குடும்பம்' போர்டு தொங்குகிறது. எந்தக் குடும்பத்தில் பீஸ் எண்ணிச் சோறு போடுகிறார்கள்?

செப்டம்பர் 22, திங்கள்

டீ டைமில் வாக்குவாதம். செக்கிங் பெண்களுக்கு வாராவாரம் குழு லோன் கட்டணும். பையன்களுக்கு ரூம் வாடகை போக ஊருக்குப் பணம் அனுப்பணும். யாரைப் பொய் என்பது? அயர்ன் மாஸ்டர்தான் 2023 மார்ச்சை ஞாபகப்படுத்தினார். பீகார் ஆட்களை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ சுற்றிய நேரம். பயந்து ரயிலேறியவர்கள் போக லைனில் பாதி மிஷின் சும்மா கிடந்தது. "அன்னிக்கு ஸ்டேஷன் வரைக்கும் போயி, போகாதீங்கன்னு கூப்புட்டது நாமதானுங்க. இன்னிக்கு நாமளே போகச் சொன்னா?"

சத்தம் அடங்கியது. கடைசியில், யாரையும் அனுப்ப வேண்டாம், எல்லாருக்கும் ஒரு ஷிப்டு, மிச்ச வேலை வந்தால் முறை வைத்து என்று முடிவானது. முறைச் சீட்டைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி டைம் ஆபீஸ் பக்கம் ஒட்டச் சொன்னேன். மேனேஜர் முகம் சுளித்தாலும் கையெழுத்துப் போட்டார்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பொரி, கடலை, வாழைக்கன்று. இந்த முறை எல்லா மிஷினுக்கும் சந்தனம் வைத்தது பையன்கள்.

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளி முடிந்தும் லைன் நிறையவில்லை. 27-ஆம் தேதி பீகார்க்காரர்களின் பெரிய நோம்பியான சட் பூஜை, அடுத்து நவம்பர் 6, 11 தேதிகளில் பீகாரில் ஓட்டு. ஊருக்குப் போன பீகார்ப் பையன்கள் ரெண்டையும் முடித்துத்தான் வருவார்கள். ஒடிசாப் பிள்ளைகள் இங்கேயே இருக்கிறார்கள்.

போனவர்கள் பெயரை முறைச் சீட்டிலிருந்து அடித்துவிடலாமா என்று புது ஹெல்பர் கேட்டான். அக்காவுக்கு வந்ததே கோபம். "நீ உங்கூர் நோம்பிக்குப் போனப்ப உன்ற பேரை அடிச்சமா?"

நவம்பர் சீட்டில் அவர்கள் முறையை மூன்றாம் வாரத்துக்குத் தள்ளி எழுதிவிட்டேன்.