மேஸ்திரி மொழிபெயர்த்தால் போதாது

ஏற்காட்டுத் தோட்ட வேலைக்கு ஜார்க்கண்டிலிருந்து வந்த நோயாளிக்கு இந்தி போதும் என்று நினைக்காதீர்கள். வீட்டில் பேசுவது சந்தாலி என்ற பழங்குடி மொழியாக இருக்கலாம். மருத்துவமனையில் சீட்டுப் போடும்போதே கேட்டு எழுதுங்கள். மேஸ்திரி மொழிபெயர்த்தால் வேலை போய்விடுமென்று வலியை மறைப்பார்கள். போனில் ஊர்க்காரர் ஒருவரைப் பிடிப்பது மேல். மாத்திரை அட்டையில் சூரியன், நிலா வரைந்து, எப்போது போடுவார் என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டலை நம்பாதீர்கள்.

செயற்கைக்காலா? குத்தவைக்கவும் வெறுங்காலோடு நடக்கவும் ரப்பர் பாதம் கொண்ட ஜெய்ப்பூர் கால் தோது. வியர்வையில் சாக்கெட் (மீதிக் காலைச் செருகும் கூடு) உரசிப் புண்ணாகும். தினமும் மாலையில் கழற்றி, தோல் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாற்றுத்திறனாளி சான்றுக்குச் சொந்த ஊருக்கு விரட்டுவது வழக்கமாகிவிட்டது. 2017-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளின்படி, ஊனத்துக்குச் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலேயே விண்ணப்பிக்கலாம். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வருபவருக்குப் பரிசோதனைகளை ஒரே நாளில் முடித்துக் கொடுங்கள்.