கரித்துண்டும் தூக்குக்குண்டும்

உருவம் வரைய வந்தவர்களிடம் எங்கள் மாஸ்டர் முதலில் நீட்டுவது பிளாஸ்டரில் வார்த்த காது. பிறகு மூக்கு, பாதம். உயிருள்ள ஆள் வெகு நாள் கழித்துத்தான். பாரிஸில் 1860களின் இறுதியில் ஓவியர் சார்ல் பார்க் தயாரித்த பயிற்சிப் படங்களும் இதே வரிசையில்தான் போகின்றன. ஓவியர் வான் கோ அவற்றைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். நமக்கு மட்டும் என்ன அவசரம்?

எனக்கு மிகவும் பிடித்த கருவி நூலில் கட்டிய தூக்குக்குண்டு. கொத்தனார் சுவருக்குப் பிடிப்பதை நாங்கள் மனிதருக்குப் பிடிக்கிறோம். ஒற்றைக் காலில் பாரம் போட்டு நிற்பவரின் தொண்டைக்குழியிலிருந்து நூலை விட்டால், அது ஏறக்குறைய அந்தக் காலின் கணுக்காலில் வந்து விழும். அது விலகினால் படத்தில் இருப்பவர் சரிந்துவிடுவார். முகச்சாயல் எல்லாம் அப்புறம்!

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் கலைப்பள்ளி தொடங்கிய ஊர் எங்கள் சென்னை. பின்னாளில் அதன் முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலை மெரினாவில் நிற்கிறது. பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் போதாது. இறங்கி, பாறையை நெம்பும் அந்த நால்வரின் முதுகையும் தொடையையும் பாருங்கள். உடற்கூறு பாடம் இலவசம்.

மற்றபடி, எழும்பூர் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து வேக வரைவு பழகுகிறேன். கைப்பேசியின் புண்ணியத்தில் யாரும் அசைவதில்லை. பிடரி மட்டும் நன்றாக வரையக் கற்றுவிட்டேன்.

எளிதில் ஒடியாத கரித்துண்டு சென்னையில் எங்கே கிடைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.