தாய்மாமன் சீர்: கிரேக்கர்களைக் கேட்டால்

உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கம் காதுகுத்து என்றாலே, தாய்மாமன் என்ன செய்யப்போகிறார் என்ற பேச்சுதான் முதலில் எழும். கையில் இல்லாதவர் வட்டிக்கு வாங்கியாவது சீரை நிறைக்கப் பார்ப்பார். எது மகிழ்ச்சியான வாழ்க்கை என்று பழைய கிரேக்கத் தத்துவ அறிஞர்கள் சொன்னதை உரசிப் பார்க்க அந்தக் கடனே போதும்.

எபிகூரஸ் (கி.மு. 341–270) தின்று குடித்துக் களிக்கச் சொன்னவர் என்று பரவியிருப்பது தவறு. நண்பரிடம் ஒரு சிறு பானை பாலாடைக்கட்டி கேட்டு, வேண்டும்போது அதை வைத்தே விருந்துண்பேன் என்று எழுதியவர் அவர். உடலில் வலியும் மனதில் கலக்கமும் நீங்கிவிட்டால் அதற்குமேல் இன்பம் பெருகாது, விதவிதமாக மாற மட்டுமே செய்யும் என்றார். ஆசைகளை மூன்றாகப் பிரித்தார். தாகத்துக்குத் தண்ணீர் இயல்பானது, தேவையானது. விலை உயர்ந்த பண்டம் இயல்பானது, ஆனால் தேவையில்லை. மணிமுடியும் தனக்குச் சிலை வைப்பதும் இயல்பும் அல்ல, தேவையும் அல்ல. முச்சந்தி ஃப்ளெக்ஸை இந்தக் கடைசி வகையில்தான் வைப்பேன். ஒவ்வோர் ஆசையையும் அவர் இப்படிச் சோதிக்கச் சொன்னார்: இது நடந்தால் எனக்கு என்ன ஆகும், நடக்காவிட்டால் என்ன ஆகும்? மருமகளை மடியில் வைத்துக் காது குத்த முடியாமல் போனால் காலத்துக்கும் வலிக்கும். பவுன் குறைந்தால் நாலு பேர் பேசி ஓய்வார்கள். கடன் வாங்கினால் மாதாமாதம் வட்டி தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் ஊர் கண்ணில் படாமல் ஒதுங்கி வாழச் சொன்னவரும் இவரே. செய்முறை நோட்டு வைத்து உறவு நடத்தும் ஊரில் அது எடுபடாது.

ஸ்டோயிக்குகள் என்ற இன்னொரு தத்துவப் பள்ளியினர் ஒதுங்கச் சொல்லவில்லை. அவர்களில் ஒருவர், அடிமையாக இருந்து விடுதலை பெற்ற எபிக்டெட்டஸ், நம் தீர்மானமும் விருப்பு வெறுப்பும் நம் கையில், சொத்தும் பேரும் அப்படியல்ல என்றார். இதைக் கேட்டு ‘எல்லாம் விதி’ என்று உட்கார்ந்துவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. கடமையை உறவைக் கொண்டு அளக்கச் சொன்னவர் அவர். தாய்மாமன் சபைக்கு வரத்தான் வேண்டும். சபை மெச்சுமா என்பது அவர் பொறுப்பல்ல. எவ்வளவு செய்வது என்பதற்கு மட்டும் இங்கே விடை இல்லை.

அளவைப் பேசுகிறவர் இவர்களுக்கு மூத்தவரான அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322). மிகைக்கும் குறைக்கும் இடைப்பட்ட சரியான அளவையே அவர் நடுநிலை என்றார்; அது இரண்டு எண்களின் சராசரி அல்ல. 10 மினா (பழைய கிரேக்க எடை அளவு) உணவு அதிகம், 2 மினா குறைவு என்றால் பயிற்சியாளர் எல்லோருக்கும் 6 மினா கொடுத்துவிடமாட்டார். மல்யுத்த வீரர் மிலோனுக்கு அது பற்றாது, புதிதாகப் பயிற்சிக்கு வருபவருக்கு மிஞ்சும். பெரிய மாமன் அம்பதாயிரம் வைத்தார் என்பதால் சின்ன மாமனுக்கும் அதுவே அளவாகாது. வசதியில்லாதவர் ஆடம்பரமாகச் செய்ய முயல்வது மடமை என்று ‘நிகோமாகிய அறவியல்’ நூலில் வெளிப்படையாகவே எழுதினார். சாதாரணக் கூட்டு விருந்தைக் கல்யாண விருந்தாக நடத்துகிறவரையும் அங்கே கண்டிக்கிறார். நல்வாழ்வுக்குப் பொருளும் நண்பர்களும் ஓரளவு அதிர்ஷ்டமும் வேண்டும் என்று ஒப்புக்கொண்டதால், இந்த விஷயத்தில் எனக்கு அவர் பக்கம்தான் சாய்வு.

இன்னொன்றையும் அவர் சொன்னார்: பெரும்பாலும், புதிதாக ஒருவருக்குக் கொடுப்பதைவிட வாங்கியதைத் திருப்பிச் செய்வதே முந்தியது. அதனால் முதலில் நோட்டைப் பிரித்து, அக்கா வீட்டார் நம் வீட்டு விசேஷத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அந்த அளவைக் குறையாமல் எடுத்து வையுங்கள். அதற்குமேல் வைக்க நினைப்பது கைக்காசாக இருக்கட்டும்.