பின்கட்டு பிளக் பாயிண்ட்

ஐப்பசி மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்த மறுநாள் காலை, திருநகரில் உள்ள எங்கள் வீட்டின் பின்கட்டில் வாஷிங் மெஷின் உயிர் பெற மறுத்தது. மெஷின் போய்விட்டது என்று அம்மா அப்போதே தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதன் வயரைக் கழற்றிவிட்டு அதே பாயிண்டில் அயர்ன் பாக்ஸைச் சொருகிப் பார்த்தேன். பத்து நிமிடம் கழித்தும் அது குளிர்ந்தே இருந்தது. டெஸ்டரை வலப்பக்கத் துளையில் வைத்தபோதும் ஒளி வரவில்லை. (டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பி வயரில் கை வைத்துவிடக் கூடாது, டெஸ்டரே பழுதாகியிருக்கலாம். வேலை செய்கிற இன்னொரு பாயிண்டில் அதை ஒருமுறை சோதித்துக்கொள்வது என் வழக்கம்.) சமையலறையில் மிக்ஸி பாயிண்டும் குளியலறைக் கீசரும் அதே நிலையில் இருக்க, ஹாலில் மின்விசிறி மட்டும் ஒன்றும் நடவாதது போலச் சுற்றிக்கொண்டிருந்தது.

மாடி கட்டியபோது தண்ணீர் புழங்கும் இடங்களுக்கு மட்டும் தனியாக ஓர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் காவல் சுவிட்ச், போட்டிருந்தோம். எங்கள் பக்கத்தில் பலரும் அதைப் பழைய பெயரில் ஈ.எல்.சி.பி. என்றே சொல்கிறார்கள். வீட்டு மின் இணைப்புகள் பிரியும் டிபி பாக்ஸைத் திறந்தால் ஆர்.சி.சி.பி.யின் லீவர் கீழே கிடந்தது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி போனில், "பிளக் பாயிண்டிலேயே ரீசெட் பட்டன் இருக்குமேக்கா, அதை அமுக்கினியா?" என்று கேட்டான். அங்கே குளியலறையிலும் சமையலறையிலும் பிளக் பாயிண்டுக்குள்ளேயே இந்தக் காவல் பொருத்தப்பட்டிருக்கும். ஒரு பாயிண்டிலிருந்து இணைப்பு எடுத்த மற்றப் பாயிண்டுகளையும் அதுவே காக்கும் என்பதால், குளியலறையில் கரண்ட் போனால் கார் நிறுத்தும் அறையில் போய் பட்டனைத் தேட வேண்டியும் வரலாம். அங்கே சுமார் 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது துண்டித்துவிடும். நம் வீடுகளில் வழக்கமாகப் போடுவது 30 மில்லி ஆம்பியர். 230 வோல்ட்டில் அது ஒரு 7 வாட் பல்பு இழுக்கும் மின்சாரம்தான்; ஆனால் அந்தச் சிறிய அளவு நெஞ்சு வழியே போனால் உயிருக்கே ஆபத்து.

தெருமுனைக் கடையிலிருந்து வந்த எலக்ட்ரீசியன் தம்பி நல்ல வேலைக்காரர். ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக இருக்கும் எம்.சி.பி. சுவிட்சுகள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்கினார், நின்றது. ஒவ்வொரு எம்.சி.பி.யாக ஏற்றினார், அப்போதும் நின்றது. கீசர் சுவிட்சைப் போட்டதும் 'டக்' என்று விழுந்தது. குற்றவாளி கீசர்தான் என்று முடிவாகி, அதைக் கழற்றி வைத்தோம். பகல் முழுக்க எல்லாம் ஒழுங்காக ஓடியது. மாலை ஏழு மணிக்கு, பின்கட்டிலும் சமையலறையிலும் ஒரு சாமானும் ஓடாத நேரத்தில், ஆர்.சி.சி.பி. தானாகவே விழுந்தது. மறுநாளும் அதே ஏழு மணி.

"அக்கா, இதுதான் போயிருச்சு. இதத் தூக்கிட்டு டைரக்டாக் குடுத்திருவோம், தொந்தரவே இருக்காது" என்றார் அவர். இந்த யோசனையைச் சொல்லாத எலக்ட்ரீசியனை நான் இன்னும் பார்க்கவில்லை. கொடிக்கம்பியில் ஈரத்துணி காயப்போட்டு மின்சாரம் தாக்கி இறந்தவர்கள் செய்தி ஒவ்வொரு மழைக்காலத்திலும் பேப்பரில் வருகிறது; எங்கள் பின்கட்டிலும் அப்படி ஒரு கம்பி ஓடுகிறது. ஆகவே டைரக்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இருவரும் உட்கார்ந்து யோசித்தோம்.

ஆர்.சி.சி.பி.க்குள் இருப்பது ஒரு வளையம். மின்சாரம் வரும் பேஸ் வயர், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் இரண்டும் அதன் வழியாகப் போகின்றன. போன மின்சாரம் முழுவதும் திரும்பி வந்தால் வளையம் சும்மா இருக்கும். கணக்கு இடித்தால் லீவரைத் தள்ளிவிடும். பேஸ் கசிந்தால்தான் கணக்கு இடிக்கும் என்பதில்லை. நியூட்ரல் வயர் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் திரும்பி வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு எர்த் வழியே போய்விடும். கீசர் போல அதிகம் இழுக்கும் சாமானைப் போட்டால் அந்தப் பங்கு பெருகும். மாலையில் தெரு முழுக்க விளக்கும் மோட்டாரும் ஓடும்போது நியூட்ரலிலேயே சில வோல்ட் ஏறி நிற்கும் என்பதால், நம் வீட்டில் எதுவும் ஓடாமலே, தொட்டுக்கொண்டிருக்கும் அந்த இடத்தின் வழியாக மின்சாரம் மண்ணுக்குள் இறங்கும். ஏழு மணிக்கு விழுந்ததன் இரகசியம் இதுதான். எம்.சி.பி.யை இறக்கிச் சோதித்ததில் இது அகப்படாததற்கும் காரணம் உண்டு: எங்கள் வீட்டு எம்.சி.பி. பேஸை மட்டுமே வெட்டும். நியூட்ரல் எல்லாம் ஒரே பட்டையில் எப்போதும் சேர்ந்தே இருக்கும்.

மறுநாள் காலை மெயினை இறக்கி, பிளக்குகள் அனைத்தையும் உருவிவிட்டு, அந்த நியூட்ரல் பட்டையிலிருந்து கறுப்பு வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையை வயரிலும் மறு முனையை எர்த்திலும் வைத்துப் பார்த்தார். சமையலறை வயரில் சத்தம் இல்லை. குளியலறையிலும் இல்லை. பின்கட்டு வயரில் மீட்டர் 'பீப்' என்று கத்தியது. கீசர் பாவம், மூன்று நாளாகத் தரையில் கிடந்தது.

பின்கட்டு பாயிண்டின் பிளேட்டைக் கழற்றியதும் உள்ளேயிருந்து எறும்புப் புற்று மண் கொட்டியது. சுவரின் ஈரத்தில் தகரப் பெட்டியின் அடிப்பகுதி செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. ஆரம்பத்தில் வயரை மடக்கித் திணித்தவர்கள், பெட்டியைச் சுவரோடு பிடித்த திருகாணியின் தலைமீது கறுப்பு வயரை அழுத்தி வைத்திருந்தார்கள். இத்தனை வருடத்தில் பிளாஸ்டிக் உறை அரிசி அளவுக்கு நசுங்கி, செம்பு பளபளவென்று தெரிந்தது. பெட்டி எர்த்தில் இருந்ததால் நியூட்ரலும் எர்த்தும் அங்கே கைகோத்திருந்தன. உறை நைந்த அளவுக்கு வயரை வெட்டி எடுத்து, பெட்டியையும் பிளாஸ்டிக்கில் மாற்றினார். அதோடு, பாயிண்டை ஒன்றரை அடி உயரத்தில் தண்ணீர் படாத பக்கச் சுவருக்கு நகர்த்தச் சொன்னேன். துணி துவைக்கும் கல்லுக்கு நேர் எதிரே அதை வைத்தது அந்த நாளில் நாங்கள் செய்த தவறு.

மெயினைப் போட்டதும் ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று எழுதிய பட்டனை அமுக்கினேன். லீவர் விழுந்தது, தூக்கினால் நின்றது. அந்தப் பட்டன் ஆர்.சி.சி.பி.யின் உயிரை மட்டுமே சோதிக்கும். எர்த் குழி ஒழுங்காக இருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதனால் கோடையில் வறண்டு கிடக்கும் எங்கள் எர்த் குழியிலும் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினோம்.

கீசரை மாட்டியாகிவிட்டது. அன்று மாலை ஏழு மணிக்கு அம்மா வேலையை விட்டுவிட்டு டிபி பாக்ஸுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஏழரை ஆயிற்று, எட்டாயிற்று, லீவர் அசையவில்லை. எட்டரைக்கு எழுந்து போய், மூன்று நாள் அழுக்குத் துணியையும் ஒரே தவணையில் மெஷினுக்குள் அடைத்தார்.